ஆழமான தொலைக்காட்சி நேர்காணல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தொலைக்காட்சி நேர்காணல்களுக்குக் கேள்வி தயாரித்துக் கொடுப்பது என் தொழில். திரையில் என் முகம் வராது. விருந்தினரைப் பற்றிப் படித்து, பழைய பேச்சுகளைத் தோண்டி, நெறியாளர் கையில் நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கட்டுப்பாட்டு அறையின் ஓரத்தில் நின்று பார்ப்பவன். உறவினர்களும் நண்பர்களும் இதழியல் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் விருப்பு வெறுப்புகளும் கலந்திருக்கின்றன.

தினமும் இரவு வரும் விவாத நிகழ்ச்சி போதாதா? நேர்காணல் தனியாக எதற்கு?

விவாதத்தில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். விளம்பர இடைவேளை போக, ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதிலும் பாதி குறுக்கீட்டில் போய்விடும். கட்சியின் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டால் அவருடைய அன்றைய வேலை முடிந்தது. அந்த நிலைப்பாட்டுக்கு எப்படி வந்தார், போன ஆண்டு ஏன் வேறு மாதிரி பேசினார், நினைத்தது நடக்காவிட்டால் என்ன செய்வார் என்று கேட்க நேரம் இருக்காது. கேட்டாலும் அவர் வாயைத் திறக்கும் முன் பக்கத்தில் இருப்பவர் புகுந்து காப்பாற்றிவிடுவார். சங்கடமான கேள்வியிலிருந்து தப்பிக்க விவாத மேடையைப் போல வசதியான இடம் வேறு கிடையாது. நேர்காணலில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. எதிரே ஒரே ஒருவர், நடுவே ஒரு மேசை, அரை மணி நேரம். பேசித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு நேரம் ஓடினால் அதை ஆழமான நேர்காணல் என்று சொல்லலாம்?

கடிகாரத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிபிசியின் 'ஹார்ட்டாக்' 1997இல் தொடங்கி 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதன் ஒவ்வொரு நிகழ்ச்சியும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் டிம் செபாஸ்டியனும் பிறகு ஸ்டீபன் சாக்கரும் அந்த நேரத்துக்குள்ளேயே அதிபர்களை நெளிய வைத்தார்கள். மூன்று மணி நேரம் ஓடும் யூடியூப் பேட்டிகளும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் முதல் இருபது நிமிடம் விருந்தினரின் புகழ் பாடுவதிலேயே கழிகிறது.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. நெறியாளரின் கேள்விகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். பதில்களைப் பார்க்காமலே எல்லாக் கேள்விகளும் புரிந்தால், அவர் தாளில் இருந்ததைப் படித்திருக்கிறார். முந்தைய பதில் தெரியாமல் அடுத்த கேள்வி புரியவில்லை என்றால், காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். எனக்கு ஆழம் என்பது இதுதான். முதல் கேள்வி என் தாளிலிருந்து வரலாம். இரண்டாவது கேள்வி விருந்தினரின் வாயிலிருந்து பிறக்க வேண்டும். கேள்வி தயாரிப்பவனே இப்படிச் சொல்கிறானே என்று வியக்காதீர்கள். என் தாளை நெறியாளர் பாதியில் கவிழ்த்து வைத்துவிட்ட நாள்களில்தான் நிகழ்ச்சி நன்றாக வந்திருக்கிறது.

அப்படியானால் முன்தயாரிப்பு வீண்தானே?

இல்லை. படிக்காமல் வருபவருக்கு, விருந்தினரின் பதிலில் எது புதிது, எது பொய், எதை விட்டுவிட்டார் என்று தெரியாது. தெரியாதவர் அடுத்த கேள்விக்குத் தாவுவார்.

1977இல் டேவிட் ஃபிராஸ்ட் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் நிக்சனைப் பேட்டி கண்டதை எடுத்துக்கொள்வோம். ஃபிராஸ்டைப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்காரர் என்று பலரும் குறைத்து எடை போட்டிருந்தார்கள். நிக்சனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஃபிராஸ்ட் ஓர் ஆய்வுக் குழுவை வைத்துக்கொண்டார். அதில் இருந்த ஜேம்ஸ் ரெஸ்டன், வாஷிங்டன் நீதிமன்ற ஆவணங்களுக்குள்ளிருந்து, நிக்சனும் அவருடைய உதவியாளர் கோல்சனும் பேசிய உரையாடல் ஒன்றின் எழுத்து வடிவத்தைக் கண்டெடுத்தார். அதுவரை வெளியில் பேசப்படாதது. நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழல் பற்றிய பகுதியைப் பதிவு செய்த அன்று ஃபிராஸ்ட் அதிலிருந்து வரிகளைப் படித்தபோது நிக்சன் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சின் போக்கே வேறு. அமெரிக்க மக்களைக் கைவிட்டுவிட்டேன் என்று அவர் ஒப்புக்கொள்ளும் இடம் வரை அது போனது. பன்னிரண்டு அமர்வுகளில் ஏறத்தாழ 29 மணி நேரம் பதிவு செய்ததிலிருந்து ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிகள் நான்கு முதலில் வெளிவந்தன. முதல் நிகழ்ச்சியை நான்கரைக் கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

ஜான் ஃபிரீமனிடமிருந்து. 1959 முதல் 1962 வரை பிபிசியில் அவர் நடத்திய 'ஃபேஸ் டு ஃபேஸ்' 35 நிகழ்ச்சிகள் கொண்டது. கேமரா விருந்தினரின் முகத்தை விட்டு அகலாது. ஃபிரீமனின் முதுகோ தோளோதான் எப்போதாவது தெரியும். நெறியாளரின் முகத்தைப் பெரிய பலகைகளில் அச்சடித்து அண்ணா சாலையில் நிறுத்தும் இந்தக் காலத்தில் அது வேறு உலகமாகத் தோன்றும்.

உளவியலாளர் கார்ல் யுங்கை சுவிட்சர்லாந்தில் அவருடைய வீட்டில் சந்தித்த நிகழ்ச்சியை முதலில் பாருங்கள். அப்போது யுங்குக்கு 84 வயது. சிறு வயதில் கடவுளை நம்பினீர்களா என்று கேட்கிறார் ஃபிரீமன். ஆம் என்கிறார் யுங். இப்போது? யுங் சற்றுத் தயங்குகிறார். நம்ப வேண்டிய தேவை எனக்கு இல்லை, எனக்குத் தெரியும் என்கிறார். முதல் கேள்வியோடு ஃபிரீமன் நிறுத்தியிருந்தால், அதற்குக் கிடைத்த 'ஆம்' என்ற பதிலை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். நான் சொல்லும் இரண்டாவது கேள்விக்கு இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இந்த ஃபிரீமன்தான் பின்னாளில், 1965 முதல் 1968 வரை, இந்தியாவில் பிரிட்டனின் தூதராக இருந்தார். நெறியாளர்கள் அரசுப் பக்கம் போவது நமக்கும் புதிதல்ல. 1990களில் சன் டிவியில் 'நேருக்கு நேர்' நடத்திய ரபி பெர்னார்ட் பிறகு அ.தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினரானார்.

அடுத்ததாக 1977 நவம்பர் 14. சிபிஎஸ் தொலைக்காட்சியின் வால்டர் கிராங்கைட், செயற்கைக்கோள் வழியாக எகிப்து அதிபர் சதாத்திடம் பேசுகிறார். இஸ்ரேலுக்கு நேரில் போகத் தயார் என்கிறார் சதாத். எப்போது என்று கிராங்கைட் விடாமல் கேட்க, ஒரு வாரத்துக்குள் என்ற அளவுக்குப் பேச்சு நெருங்குகிறது. அன்றே கிராங்கைட் இஸ்ரேல் பிரதமர் பெகினிடமும் பேசுகிறார். ஐந்தாம் நாள், நவம்பர் 19 அன்று, சதாத் இஸ்ரேலில் போய் இறங்கினார். பின்னணியில் வேறு தூதரக வேலைகளும் நடந்துகொண்டிருந்தன என்பது உண்மை. இருந்தாலும் ஒரு தொலைக்காட்சிக் கேள்வி தேதி குறித்துக் கொடுத்தது அரிதான சம்பவம்.

2019 நவம்பரில் பிபிசி 'நியூஸ்நைட்'டுக்காக எமிலி மெய்ட்லிஸ், பாலியல் குற்றவாளி எப்ஸ்டீனுடனான நட்பு பற்றி பிரிட்டிஷ் இளவரசர் ஆண்ட்ருவைக் கண்ட பேட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு விளக்கத்தையும் முடிக்கவிட்டுப் பிறகு அடுத்ததைக் கேட்டார். ஒளிபரப்பான நான்காம் நாள் இளவரசர் பொதுப் பணிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

கடுமையாகக் கேட்டால்தான் உண்மை வருமா?

சென்னையில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு ஜெயலலிதாவிடம்தான் போய் நிற்கும். இரண்டு பேட்டிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த விவாதம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

ஒன்று, சிமி கரேவால் எடுத்தது. மென்மையான வெளிச்சம், மென்மையான குரல். தாயைப் பற்றியும் பள்ளிப் படிப்பைப் பற்றியும் விரும்பாமல் நுழைந்த திரையுலகைப் பற்றியும் ஜெயலலிதா மனம் விட்டுப் பேசினார். பழைய இந்திப் பாடல் ஒன்றையும் பாடினார். இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது அந்தக் காட்சி. மற்றொன்று, 2004இல் பிபிசியின் 'ஹார்ட்டாக் இந்தியா'வுக்காகக் கரண் தாப்பர் எடுத்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயலலிதாவின் கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஜோதிட நம்பிக்கை, தோல்விக்குப் பின் திரும்பப் பெற்ற முடிவுகள் என்று தாப்பர் அடுக்கினார். குறிப்பைப் பார்த்துப் படிக்கிறீர்கள் என்றும் சொன்னார். உங்களோடு பேசியது இனிமையாக இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, கும்பிட்டு முடித்துக்கொண்டார் முதலமைச்சர்.

தாப்பர் நாகரிகமில்லாமல் நடந்தார் என்று ஒரு கூட்டம் இன்றும் சொல்கிறது. சிமி ஜால்ரா அடித்தார் என்று இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. ஒரு மனிதர் எப்படி உருவானார் என்று அறிய முதல் பேட்டி உதவுகிறது. அதிகாரத்தில் இருப்பவர் கணக்குக் கேட்கப்படும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்று அறிய இரண்டாவது உதவுகிறது. பதவியில் இருப்பவரிடம் முதல் வகைப் பேட்டியை மட்டும் எடுத்து ஒளிபரப்புவதுதான் தவறு. நம் சேனல்கள் பண்டிகை நாள்களில் அதைத்தான் செய்கின்றன.

கடுமைக்கும் விலை உண்டு. 2007இல் இதே தாப்பரின் வேறொரு நிகழ்ச்சியிலிருந்து, அப்போது குஜராத் முதலமைச்சராக இருந்த நரேந்திர மோடி, ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மைக்கைக் கழற்றினார். எழுந்து போவதும் ஒரு பதில்தான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் பார்வையாளருக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். நான் அந்தத் தாளைத் தயாரித்திருந்தால் 2002 கலவரம் பற்றிய அந்தக் கேள்விகளைப் பதினைந்தாவது நிமிடத்துக்குத் தள்ளியிருப்பேன்.

ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பது பயன் தருமா?

1997 மே மாதம் பிபிசி நெறியாளர் ஜெரமி பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியை ஏறத்தாழ ஒரு டஜன் தடவை கேட்டார். சிறைத்துறைத் தலைவரை மீறிச் செயல்படுவதாக மிரட்டினீர்களா என்பது கேள்வி. நேரடிப் பதில் வரவில்லை. இதழியல் வகுப்புகளில் இதை வீரச் செயலாகப் போட்டுக் காட்டுகிறார்கள். அடுத்துப் போக வேண்டிய செய்தித் தொகுப்பு தயாராகவில்லை, நேரத்தை இழுக்கச் சொன்னார்கள் என்று பாக்ஸ்மனே பின்னால் சொன்னதைப் பலர் சொல்வதில்லை.

கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்களாமே?

தலைப்புகளைச் சொல்வோம். அது நியாயம், விருந்தினரும் புள்ளிவிவரங்களோடு வரட்டும். கேள்விகளை அப்படியே அனுப்பச் சொல்லி உதவியாளர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். சினிமாக்காரர்களின் மேலாளர்கள் அரசியல்வாதிகளின் உதவியாளர்களைவிட இதில் பிடிவாதமானவர்கள். "அந்த விஷயத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்பார்கள். சில நேரங்களில் ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஒப்புக்கொண்டால் அதைப் பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. பெரும்பாலும் சொல்வதில்லை.

விருந்தினருக்குப் பணம் உண்டா?

செய்தி நேர்காணலில் கொடுக்கக் கூடாது என்பதே பொதுவான நெறி. ஃபிராஸ்ட் நிக்சனுக்கு 6 லட்சம் டாலரும் லாபத்தில் பங்கும் தர ஒப்புக்கொண்டார். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் காசுக்கு வாங்கிய பேட்டி என்று ஒதுங்கிக்கொண்டதால், நிலையம் நிலையமாக அவரே ஏறி இறங்கி விற்க வேண்டியிருந்தது. சென்னையில் போக்குவரத்துச் செலவும் காபியும்தான் வழக்கம்.

எடிட்டிங்கில் பேச்சைத் திரித்துவிட முடியுமா?

முடியும். ஆனால் எல்லா வெட்டும் திரிப்பு ஆகாது. ஒரு மணி நேரம் எடுத்ததை அரை மணி ஆக்கும்போது இருமலும் திரும்பத் திரும்பச் சொன்னதும் போகும். அது துப்புரவு வேலை.

எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென நெறியாளர் தலையாட்டும் காட்சி வருகிறதா? பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு வெட்டு ஒளிந்திருக்கும். ஒரே கேமராவோடு போகும் படப்பிடிப்பில், விருந்தினர் கிளம்பிய பிறகு நெறியாளரைத் தனியாக உட்காரவைத்துத் தலையாட்டச் சொல்லி எடுப்பது உலகம் முழுவதும் உள்ள பழைய பழக்கம். கேள்விகளைக்கூட அப்போது மறுபடி கேட்க வைத்துப் பதிவு செய்வார்கள். நேரில் தடுமாறிக் கேட்ட கேள்வி திரையில் கம்பீரமாக வருவதன் மர்மம் இதுதான். கேள்வியின் சொற்கள் மாறிவிட்டால் பழைய பதில் புதிய கேள்விக்குச் சொன்னது போல் ஆகிவிடும். குற்றம் தொடங்கும் இடம் அது. மூன்று கேமரா வைத்த அரங்கில் இதற்குத் தேவை இருக்காது.

முன்னோட்டத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். விருந்தினர் முறைப்பது போல் வெட்டப்பட்ட அந்த ஒரு நொடி, விளக்கு கண்ணைக் கூசிய நொடியாக இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து பேசுபவர், கேள்வி முடிந்த பிறகும் ஏன் சற்று நேரம் விழிக்கிறார்?

செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. சென்னையிலிருந்து குரல் மேலே ஏறி, மறுமுனையில் கீழே இறங்க, ஒளியின் வேகத்தில் போனாலும் கால் நொடி ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. படத்தைச் சுருக்கி விரிக்கும் கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. அரை நொடி என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். பேச்சில் அது பெரிய இடைவெளி. பதில் வரவில்லை என்று நினைத்து நெறியாளர் மறுபடி தொடங்குவார், அதற்குள் பதில் வந்து மோதும், இருவரும் நிறுத்துவார்கள், இருவரும் மறுபடி தொடங்குவார்கள். இந்தச் சூழலில் குறுக்கிட்டுக் கேட்பது நடக்காத காரியம். நேரில் வர மறுத்து இணைப்பில் வர ஒப்புக்கொள்ளும் அரசியல்வாதிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

உலக அரசியலைப் பற்றிய நீண்ட நேர்காணல் தமிழில் ஏன் இவ்வளவு குறைவு?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் இல்லை என்பார்கள். அமெரிக்கத் துணைத் தூதரகம் ஜெமினி மேம்பாலத்தின் ஓரத்தில் இருக்கிறது. பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், ரஷ்யா, இலங்கை என்று பல நாடுகளின் தூதரக அலுவலகங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. 2023 முதல் தமிழ்நாடு அரசு நடத்தும் பன்னாட்டுப் புத்தகக் காட்சிக்கு வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் வருகிறார்கள். டிசம்பரில் இசை விழாவும் திரைப்பட விழாவும் நடக்கும்போது உலகத்தின் பாதிக் கலைஞர்கள் மயிலாப்பூருக்கும் ராயப்பேட்டைக்கும் இடையே ஆட்டோவில் போய்க்கொண்டிருப்பது போல் தோன்றும். அவர்களிடம் நம் மைக்குகள் கேட்பது "சென்னை பிடித்திருக்கிறதா?" என்பதுதான். இட்லி பிடிக்கும் என்று அவர் சொன்னதும் செய்தி முடிந்துவிடும்.

பார்வையாளருக்கு ஆர்வம் இல்லை என்பார்கள். இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடியில் குடும்பம் குடும்பமாக அகதிகள் வந்து இறங்கினார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. வளைகுடாவில் போர் மேகம் சூழ்ந்தால் இராமநாதபுரத்தில் தூக்கம் போகும். நம் மக்களுக்கு உலகச் செய்தி என்பது வீட்டுச் செய்தி. ஆனால் அமெரிக்கத் தேர்தல் வந்தால் நம் கேமராக்கள் துளசேந்திரபுரத்துக்குப் போய், அந்த ஊர்க்காரரின் பேத்தியான கமலா ஹாரிசுக்காக நடந்த அர்ச்சனையைக் காட்டிவிட்டுத் திரும்பின. போக வேண்டியதுதான், பிறகு ஒரு வணிக வல்லுநரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசியிருக்கலாம் அல்லவா?

உண்மையான தடை மொழியும் செலவும். விருந்தினர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பேசினால், பக்கத்தில் ஒருவர் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்க வேண்டும். அரை மணி நிகழ்ச்சி கால் மணி ஆகிவிடும். காதுக்கருவி வழியாக உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்களுக்குத் தமிழில் பஞ்சம். கிடைத்தாலும் அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும், அவ்வளவு களைப்பு. மேலே தமிழ்க் குரலைப் பூசினால் விருந்தினரின் தயக்கமும் எரிச்சலும் அடியில் புதைந்துவிடும். தமிழ் எழுத்தில் அடிவரி போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. வேகமாகப் படிக்க முடியாத பெரியவர்கள் விலகிவிடுவார்கள் என்று சேனல்கள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் முழுக்கப் பொய் இல்லை.

லண்டனிலிருந்து 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலி 2017இல் நின்றுபோனதும் இந்தக் குறையைக் கூட்டியது. அதன் 'தமிழோசை'யைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, உலகத் தலைவரின் பேச்சைத் தமிழில் பின்தொடர்வது இயல்பாக இருந்தது.

தமிழ்ச் சேனல்களில் நல்ல நேர்காணலே இல்லையா?

அப்படிச் சொல்லவில்லை. 2011இல் புதிய தலைமுறை வந்த பிறகு செய்திச் சேனல்கள் பெருகின. 'அக்னிப் பரீட்சை', தந்தி டிவியின் 'கேள்விக்கென்ன பதில்' போன்றவை மாநில அரசியலில் நல்ல பரபரப்பான உரையாடல்களைத் தந்திருக்கின்றன. ரங்கராஜ் பாண்டேயின் பாணி பிடிக்காதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். எல்லை மாநிலத்தோடு நின்றுவிடுவதுதான் என் வருத்தம்.

கலைஞர்களைப் பேட்டி எடுப்பது அரசியல்வாதிகளைவிட எளிதா?

கடினம். அரசியல்வாதியிடம் கணக்குக் கேட்கலாம்; வாக்குறுதி, ஆண்டு, தொகை என்று பிடிப்பதற்கு ஏதாவது இருக்கும். ஒரு நாதஸ்வரக் கலைஞரிடம் போய் உங்கள் தோடி ராகம் ஏன் இப்படி என்று கேட்க, கேட்பவருக்குத் தோடி தெரிய வேண்டும். தெரியாதவர் விருதுகளைப் பற்றிக் கேட்பார்.

படம் வெளியாகும் வாரத்துப் பேட்டிகளை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நடிகர் ஒரே நாளில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சேனல்கள் வரிசையில் வந்து அதே கேள்விகளைக் கேட்டுப் போகும். அதற்கு நேர் எதிராக, ஜெயா டிவியின் 'திரும்பிப் பார்க்கிறேன்' ஓய்ந்திருந்த திரைக்கலைஞர்களை அவசரமில்லாமல் பேசவிட்டது. விற்க அவர்களிடம் எதுவும் இல்லை. அதனால் பேச்சு நன்றாக இருந்தது. இணையத்தில் சித்ரா லட்சுமணன் நடத்தும் 'சாய் வித் சித்ரா'வுக்கும் அந்தக் குணம் உண்டு. தயாரிப்பு நிர்வாகிகள், துணை நடிகர்கள் என்று யாரும் கூப்பிடாதவர்களைக் கூப்பிட்டுப் பல பகுதிகளாகப் பேசுகிறார். வருங்கால ஆய்வாளர்கள் அதைத் தேடி வருவார்கள்.

தேர்தல் நேரத்தில் தலைவர்களின் பேட்டி திடீரென்று நின்றுவிடுகிறதே?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில், அந்தத் தொகுதிகளில் தேர்தல் முடிவைப் பாதிக்கக்கூடிய எதையும் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 2017 குஜராத் தேர்தலின்போது இப்படி வெளிவந்த பேட்டிக்காக ராகுல் காந்திக்குத் தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பிறகு திரும்பப் பெற்றது. பல கட்டமாகத் தேர்தல் நடக்கும் நாட்டில், ஓரிடத்தில் பேசியது எல்லா இடத்திலும் தெரியும் காலத்தில், இந்த விதி நடைமுறையில் பாதி செத்துவிட்டது.

பொய் சொல்லி வாங்கிய பேட்டியிலும் உண்மை வரலாம் அல்லவா?

1995இல் பிபிசியின் 'பனோரமா'வுக்காக இளவரசி டயானாவை மார்ட்டின் பஷீர் பேட்டி கண்டார். டயானா சொன்னவை அவருடைய சொந்தச் சொற்கள்தான். ஆனால் அவரை அணுகுவதற்காக, போலி வங்கி ஆவணங்களைத் தயாரித்து அவருடைய சகோதரரிடம் பஷீர் காட்டியிருந்தார் என்பது 2021இல் நீதிபதி டைசனின் விசாரணை அறிக்கையில் உறுதியானது. அந்தப் பேட்டியை இனி ஒளிபரப்ப மாட்டோம் என்று பிபிசி அறிவித்தது. உண்மை வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். பேசியவர் எதை நம்பிப் பேசினார் என்பதே பொய்யாகிவிட்ட பிறகு, அந்தச் சொற்களை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது?

பழைய சென்னைத் தொலைக்காட்சி நேர்காணல்களைப் பார்க்க முடியுமா?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தக் காலத்தில் காந்த நாடா விலை உயர்ந்த பொருள்; பதிந்ததை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவது உலகின் பல நிலையங்களில் வழக்கம். பிபிசியே அப்படி நிறைய இழந்தது. தப்பிய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகள் சில அதன் யூடியூப் பக்கங்களில் ஏறியிருக்கின்றன. வீட்டில் பழைய விஎச்எஸ் கேசட் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கடையில் கொடுத்து மாற்றுவதற்கு முன், பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சையோடு ஓட்டினால் நாடாவும் போகும், கருவியும் போகும்.

நான் இதழியல் மாணவி. எப்படிப் பழகுவது?

முதலில், பிடித்த நேர்காணல் ஒன்றை எடுத்து, கேள்வி பதில் முழுவதையும் கையால் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். பாதியிலேயே உங்களுக்கு, இந்த இடத்தில் இதைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றத் தொடங்கும். அதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வீட்டிலிருந்தே தொடங்கலாம். பாட்டியிடம் ரேடியோவில் செய்தி கேட்ட நாள்களைப் பற்றிக் கேளுங்கள். தாள் இல்லாமல் இருபது நிமிடம். அலைபேசியில் பதிவு செய்து, நீங்கள் எத்தனை இடத்தில் பாட்டியின் பேச்சை வெட்டினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெட்கமாக இருக்கும். மௌனத்தைத் தாங்குவதுதான் மிகக் கடினமான பாடம். பதில் முடிந்துவிட்டது என்று தோன்றும்போது இரண்டு நொடி பேசாமல் இருங்கள். பலரும் அந்த இடைவெளியை நிரப்ப முக்கியமானதைச் சொல்லிவிடுவார்கள்.

படிப்பதற்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கின்றன. விருந்தினர் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏதோ சிற்றிதழில் எழுதிய கட்டுரை இணையத் தேடலில் கிடைக்காது. இந்த அலமாரிகளில் கிடைக்கலாம். அப்படிக் கிடைத்த கட்டுரையின் நகலை மேசையில் வைத்தவுடன் விருந்தினரின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். "இதை எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, வழக்கமான பதில்களை விட்டுவிட்டுப் பேசத் தொடங்குவார்கள்.

குரல் நன்றாக இருக்க வேண்டுமா?

ல, ள, ழ தெளிவாக வந்தால் போதும்.